மார்க் விலை ஏறாது, ஏடிஎம் திரையைப் பாருங்கள்

கேள்வி: நானும் கணவரும் மியூனிக்கில் வேலை பார்க்கிறோம். திருமண நாளுக்கு நான்கு நாள் பாஸ்னியாவில் உள்ள ட்ராவ்னிக் நகருக்குப் போகிறோம். விமான டிக்கெட் போக 800 யூரோ ஒதுக்கியிருக்கிறோம். "விலை ஏறுவதற்குள் மொத்தத்தையும் இங்கேயே அந்த ஊர்ப் பணமாக மாற்றிவிடலாம்" என்கிறார் அவர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். ஏறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அந்த ஊர்ப் பணமான பாஸ்னிய மார்க்கை 1997-இல் ஜெர்மன் மார்க்கோடு ஒன்றுக்கு ஒன்று என்று முடிச்சுப் போட்டார்கள். ஜெர்மனி யூரோவுக்கு மாறியபோது முடிச்சும் கூடவே போனது. அதனால்தான் இன்றும் ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், பழைய ஜெர்மன் மார்க்குக்கு இருந்த அதே எண். முன்கூட்டியே மாற்றினால் கமிஷன்தான் நஷ்டம். மிஞ்சிய மார்க்கை பாஸ்னியாவுக்கு வெளியே மாற்றுவதும் பெரும்பாடு.

பணம் ஒழுகும் இடம் வேறு. தலைநகர் சரயேவோவில் இறங்கி ஏடிஎம்மில் 300 மார்க் கேட்கிறீர்கள். "யூரோவிலேயே கழித்துக்கொள்ளட்டுமா?" என்று திரை பவ்யமாகக் கேட்கும். சரி என்றால் அவர்கள் வைத்ததுதான் விகிதம். 1.80 என்று வைத்திருந்தால் 166.67 யூரோ போய்விடும். மறுத்துவிட்டு மார்க்கிலேயே எடுத்தால் 153 யூரோ சொச்சம். மிச்சமாகும் 13 யூரோவில் ட்ராவ்னிக்கில் இரண்டு பேர் வயிறார செவாப்பி என்ற சுட்ட இறைச்சி சாப்பிடலாம். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

பாஸ்னியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. உங்கள் கார்டுக்கு வெளிநாட்டுக் கட்டணம் உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எல்லை தாண்டும் முன் மொபைல் டேட்டாவை அணையுங்கள். ஜெர்மன் சிம்மின் இலவச ரோமிங் அங்கே செல்லாது.

அறை வாடகைக்குக் கார்டு, பேருந்துக்கும் சின்னக் கடைகளுக்கும் ரொக்கம். சில இடங்களில் யூரோவையும் வாங்குவார்கள். ஒன்றுக்கு 2 மார்க் என்று கணக்குப் போட்டால் தயங்காமல் கொடுங்கள், லாபம் உங்களுக்குத்தான். 1.95-க்குக் கீழே சொன்னால் மார்க்கிலேயே கொடுத்துவிடுங்கள்.

200 மார்க் நோட்டில் இருப்பவர் நோபல் பரிசு பெற்ற இவோ ஆண்ட்ரிச், 1892-இல் ட்ராவ்னிக்கில் பிறந்தவர். சொந்த ஊர்க்காரர்தான் என்றாலும் ஒரு காப்பிக்கு அவரை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நோட்டுகளில் ஒரே மதிப்புக்கு இரண்டு விதப் படம் இருக்கும். கள்ள நோட்டோ என்று பயப்படாதீர்கள், இரண்டும் செல்லும்.

800 யூரோ தாராளம். 1699 முதல் உதுமானிய ஆளுநர்கள் உட்கார்ந்து ஆண்ட ஊர் அது என்றாலும், பழைய பாலத்துக்குப் பேர்போன மோஸ்டார் நகருக்குப் போகும் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கடைசி நாள் மிஞ்சிய சில்லறையை பிளாவா வோடா ஓடையோரக் காப்பிக்கடையிலேயே கரைத்துவிடுங்கள். வ்லாஷிச் மலைப் பாலாடைக்கட்டியையும் அங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவரத் தடை இருப்பதால், மியூனிக் விமான நிலையச் சுங்கத்தில் பறித்துக்கொள்வார்கள்.