ஜாமீன் கிடைத்தும் சிறையில்

கேள்வி: எங்கள் மெஸ்ஸில் வேலை பார்த்த ஒடிசா இளைஞர் ஒருவர் திருட்டு வழக்கில் கைதானார். ஜாமீன் கிடைத்து 40 நாட்களாகியும், உள்ளூரில் சொத்துள்ள இருவர் ஜாமீன்தாரர்களாக வர வேண்டும் என்ற நிபந்தனையால் இன்னும் சிறையில்தான் இருக்கிறார். வழக்கு விசாரணையே தொடங்கவில்லை. இதுவும் ஒரு தண்டனைதானே? நான் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தண்டனைதான், தீர்ப்பு மட்டும்தான் இன்னும் எழுதப்படவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஏறத்தாழ நான்கில் மூவர்.

உங்கள் இளைஞரின் நிலைக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனாரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தும், 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்று கேட்ட நீதித்துறை நடுவர், ஜாமீன் தர முன்வந்த மோதிராமின் சகோதரரை, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏற்க மறுத்துவிட்டார். கேரள அமைச்சராக இருந்தபோது சிறைத் துறையையும் கவனித்தவரான நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகச் சாடினார். ஒரு தமிழரோ மலையாளியோ மத்திய இந்தியாவின் பஸ்தரிலோ டெல்லியின் சாந்தினி சௌக்கிலோ கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அத்தீர்ப்பில் அவர் கேட்டார். மோதிராமை, ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதித்தரும் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடவும் உத்தரவிட்டார். அன்று தமிழருக்காகக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை இன்று திருப்பூரில் ஒடியா இளைஞருக்காக நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளிவராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் தாக்கல் செய்யப்படவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்பதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதே விடுதலை தாமதமாக ஒரு காரணம் என்பதால், அத்தகைய வழக்குகளில் அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அது கூறியது. 40 நாட்கள் கடந்துவிட்டதால், இவற்றைக் குறிப்பிட்டு ஆணைக்குழுவுக்கு உடனே எழுதுங்கள். நிபந்தனையை மாற்றக் கோரும் மனுவை அவர்கள் அமர்த்தும் வழக்கறிஞரே தாக்கல் செய்வார். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி எண் 15100.

தொகை கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிகளுக்கு உதவும் மத்திய அரசின் திட்டமும் 2023இல் தொடங்கப்பட்டது. ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்கம் செலுத்த நீதிமன்றம் அனுமதித்தால் இவருக்கும் அது உதவலாம் என்பதால், ஆணைக்குழுவிடம் இதையும் கேளுங்கள்.

சிலர் உங்களிடம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டக்கூடும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் சிறையிலிருந்தால் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது அது. நல்ல விதிதான். ஆனால் மூன்றாண்டுத் தண்டனைக்குரிய சாதாரணத் திருட்டு வழக்கில் அதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்; ஏற்கெனவே ஜாமீன் பெற்றவரை அதுவரை இருக்கச் சொல்வது நியாயமாகாது.

நீங்களே ஜாமீன்தாரராக நிற்கவும் முன்வரலாம். அவர் வாய்தாவுக்கு வராமல் போனால் பத்திரத்தில் குறித்த தொகையைக் கட்டும் பொறுப்பு உங்களுடையதாகும் என்பதை மட்டும் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.