தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாது

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய்க்கு 8 வயது. குளிப்பாட்டும்போது விலாப்பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அமுக்கினால் வலிப்பதாகத் தெரியவில்லை. வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடுகிறது. மருத்துவரிடம் கொண்டு சென்றால் என்ன செய்வார்? ஊசியால் குத்தினால் கட்டி பரவிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வலி இல்லை என்பதை நிம்மதிக்குரிய அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீழ்க்கட்டிதான் பெரும்பாலும் வலிக்கும்; புற்றுநோய்க் கட்டிகள் பலவும் தொடக்கத்தில் வலிப்பதே இல்லை.

மருத்துவர் முதலில் கட்டியை எப்போது கண்டீர்கள், அது வளர்ந்ததா, பெரிதாகிப் பின் சிறுத்ததா என்று கேட்பார். பிறகு அதன் அளவை எடுத்து, தோலோடு சேர்ந்து நகர்கிறதா, அடியில் உள்ள தசையைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். தாடைக்கு அடியிலும் தோளுக்கு முன்பும் பின்னங்கால் முட்டிக்குப் பின்புறமும் உள்ள நிணநீர்க் கணுக்களைத் தடவி, அவை வீங்கியிருக்கின்றனவா என்றும் சோதிப்பார். பெண் நாயானால் மடிக்காம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதும் அவசியம்.

இத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மெத்தென்று வழுக்கி நகரும் கட்டி பெரும்பாலும் தீங்கற்ற கொழுப்புக்கட்டிதான் என்றாலும், நாய்களின் தோலில் அடிக்கடி வரும் மாஸ்ட் செல் கட்டி என்னும் புற்றுநோய் அதே மென்மையோடு விரலை ஏமாற்றக்கூடியது. எத்தனை ஆண்டு அனுபவமுள்ள விரலாலும் இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே 1 செ.மீ. அளவை எட்டிய கட்டியையும் ஒரு மாதத்துக்கு மேல் மறையாத கட்டியையும் ஊசியால் சோதித்துவிடுவது நல்லது.

தடுப்பூசிக்குப் பயன்படும் அளவிலான மெல்லிய ஊசியே இதற்குப் போதும். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. நீங்கள் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும். ஊசிக்குள் சிக்கிய செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தெளித்து, பரப்பி, உலர்த்தி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கொழுப்புக்கட்டியானால் உலராத எண்ணெய்த் துளிகள் ஸ்லைடில் மினுங்குவது வெறுங்கண்ணுக்கே தெரியும். தோல் கட்டியில் ஊசி குத்துவதால் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

சில கட்டிகள் எளிதில் செல்களை உதிர்ப்பதில்லை. அப்போது சிறு துண்டை வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனை செய்ய நேரிடும். அதற்கு மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ வேண்டும். "எதற்கு இத்தனை சோதனை, வெட்டி எறிந்துவிடலாமே" என்று பலர் கேட்கிறார்கள். மாஸ்ட் செல் கட்டியானால் சுற்றிலும் ஏறக்குறைய 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். அது தெரியாமல் கட்டியை மட்டும் எடுத்தால், மிச்சமிருக்கும் செல்களுக்காக மறுபடியும் அறுவை செய்யும் நிலை வரலாம்.

மருத்துவரிடம் காட்டும்வரை கட்டியை அமுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். மாஸ்ட் செல் கட்டியானால், சீண்டும்போது ஹிஸ்டமின் என்னும், ஒவ்வாமையைத் தூண்டும் வேதிப்பொருள் வெளிப்பட்டு அந்த இடம் சிவந்து வீங்கலாம். இன்னொன்று: வீட்டில் படுத்திருக்கும்போது தட்டுப்பட்ட கட்டி, மருத்துவமனையில் நாய் எழுந்து நின்றதும் கைக்கு அகப்படாமல் போவதுண்டு. கிளம்பும் முன் அதன்மேல் உள்ள முடியைச் சிறிது கத்தரித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.