ஒரு மாத்திரையில் போன அரிப்பு ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 46. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு சாப்பிடுகிறேன். ஆறு மாதங்களுக்கு முன் டாபாகிளிஃப்ளோசினும் சேர்த்தார்கள். அதன்பிறகு மூன்று முறை பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு, தயிர் திரிந்தாற்போல் வெள்ளைப்படுதல். ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம் ஒன்று வாங்கி விழுங்குகிறேன். நான்கைந்து நாளில் சரியாகி, மறுபடி வருகிறது. மாத்திரைக்கு வீரியம் இல்லையா? கணவரும் சாப்பிட வேண்டுமா? மாமியார் 'உடல் சூடு' என்கிறார்.

பதில்: பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோல் மேல் பழி போடுவதற்கு முன், உங்கள் சர்க்கரை மாத்திரைகளைப் பார்ப்போம். டாபாகிளிஃப்ளோசின் வேலை செய்யும் முறையே, இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான். அந்த இனிப்பு படும் இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இந்த மருந்தின் பரவலாகத் தெரிந்த பக்கவிளைவு இது. எழுதிக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை, பெண்களும் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிட வேண்டாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்து அது. சர்க்கரை மருத்துவரிடம் இந்த மூன்று முறைகளையும் தேதியோடு சொல்லுங்கள். தொடர்வதா மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். கூடவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.

இனி மாத்திரை. எப்போதாவது ஒரு முறை வரும் சாதாரணத் தொற்றுக்கு 150 மில்லிகிராம் ஒன்றே போதும். அதன் அளவு உடலில் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும் என்பதால், ஒரு வேளை மருந்து சில நாள்கள் நின்று வேலை செய்கிறது. மறுநாளே அரிப்பு அடங்கவில்லையே என்று இன்னொன்றை விழுங்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுடையது சாதாரணக் கணக்கில் வராது. ஓராண்டுக்குள் மூன்று முறை வந்தாலே அதற்குச் சிகிச்சை வேறு: முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என மூன்று மாத்திரைகள், பிறகு வாரம் ஒன்று வீதம் ஆறு மாதங்கள். அப்படியும் நிறுத்தியபின் பலருக்குத் திரும்பி வருவதுண்டு. ஆகவே காரணத்தைச் சரிசெய்யாமல் மாத்திரையை மட்டும் நம்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

இதை நீங்களே கடையில் வாங்கித் தொடங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கிளிமெபிரைடு. ஃபுளுகோனசோல் அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். சர்க்கரை திடீரென இறங்கி வியர்வை, படபடப்பு, நடுக்கம் வரலாம். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினின் வீரியத்தையும் இது ஏற்றிவிடும் என்பதால், அவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. கர்ப்பிணிகள் ஃபுளுகோனசோல் மாத்திரையைத் தவிர்த்து, பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை மருத்துவர் சொன்னபடி ஏழு நாள்கள் பயன்படுத்துவதே வழக்கம்.

உண்மையில் இது பூஞ்சைதானா என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது. மீன் வாடை வீசினாலோ, வெள்ளைப்படுதல் சாம்பல் நிறத்திலோ மஞ்சள் பச்சையாகவோ நீர்த்துப் போனாலோ, அது பாக்டீரியாவாகவோ டிரைக்கோமோனஸ் கிருமியாகவோ இருக்கலாம். அவற்றை ஃபுளுகோனசோல் தொடவே தொடாது. பூஞ்சையிலும் வகை உண்டு. பெரும்பாலானோருக்கு வருவது கேண்டிடா அல்பிகன்ஸ். கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற இன்னொன்று ஃபுளுகோனசோலுக்கு எளிதில் மசியாது; சர்க்கரை நோயாளிகளிடம் அது சற்று அதிகம். அதற்கு உள்ளே வைக்கும் நிஸ்டாட்டின் போன்ற வேறு மருந்து வேண்டும். (நிஸ்டாட்டினை 1950இல் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். அவர்கள் பணியாற்றிய நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் மருந்துக்கு வைத்தார்கள்.) எந்த வகை என்று தெரிய, பஞ்சுக்குச்சியால் எடுத்த கசிவை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கணவருக்கு அரிப்போ சிவந்த தடிப்போ இல்லையென்றால் மாத்திரை தேவையில்லை. இது பொதுவாக உடலுறவால் தொற்றும் நோயாகக் கருதப்படுவதில்லை. குளோட்ரிமசோல் கிரீம் பயன்படுத்தும் நாள்களில் ஆணுறையை நம்ப வேண்டாம்; அதிலுள்ள எண்ணெய்ப் பசை ரப்பரை நைந்துபோகச் செய்யும்.

மாமியார் சொல்லும் சூட்டுக்கு மோர் குடியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் உள்ளே தயிர் தடவுவது, டெட்டால் கலந்த நீரால் கழுவுவது வேண்டாம். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, கடைகளில் 'அரிப்புக்கு' என்று எடுத்துக் கொடுக்கும் குளோபெட்டசோல் கலந்த கிரீம்களைப் பார்த்துத்தான். அந்த ஸ்டீராய்டு அரிப்பை உடனே அமுக்கிவிடும்; அடியில் பூஞ்சை நிம்மதியாக வளரும், மெல்லிய தோல் இன்னும் மெலியும். வீட்டில் அப்படி ஒரு டியூப் இருந்தால் ஒதுக்கி வையுங்கள்.

அடிவயிற்று வலியோ காய்ச்சலோ இரத்தக் கசிவோ சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டால், அடுத்த முறை அரிப்பு தொடங்கியதும், எந்த மருந்தையும் தொடுவதற்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள். முந்தின இரவு கிரீம் தடவிவிட்டுப் போனால், சோதனையில் பூஞ்சை சிக்காமல் போகக்கூடும்.