உழக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

பரந்தன் சந்திக்கு அருகில் சைக்கிள் திருத்தும் கடை நடத்தும் அக்காவின் பதில்கள்

கேள்வி: அக்கா, அப்பப்பாவின் பழைய றலி சைக்கிள் வீட்டில் நிற்கிறது. 28 அங்குலச் சில்லு, கம்பிப் பிறேக். மட்காட்டையும் செயின் பெட்டியையும் கழற்றிவிட்டு, நேர் ஹாண்டில் பூட்டி, ஏழு கியர் போட்டு ஓட ஆசை. என்ன செலவாகும்?
(வாசகர், கிளிநொச்சி)

பதில்: செலவை விடுங்கள் தம்பி, முதலில் ஹாண்டிலைப் பார்ப்போம். உங்கள் சைக்கிளில் பிறேக் பிடியும் ஹாண்டிலும் ஒரே உடம்பு. பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் றப்பர்க் கட்டையை மேலே இழுத்து றிம்மின் உட்புறத்தில் அழுத்தும். நேர் ஹாண்டில் பூட்டினால் அந்தக் கம்பிகளுக்கு வேலை இல்லை, கேபிள் பிறேக் போடவேண்டும். கேபிள் பிறேக் றிம்மை இரண்டு பக்கவாட்டிலும் கடிக்கும். உங்கள் றிம்மின் பக்கவாட்டில் கடிக்கத் தட்டையான இடமே இல்லை. ஆகவே றிம் மாற்றவேண்டும். சில்லின் நடுவில் இருக்கும் பழைய குடத்தில் முன்னுக்கு 32 சில்லுக் கம்பி, பின்னுக்கு 40 சில்லுக் கம்பி. புதிய றிம்மில் 36 துளை இருந்தால் குடமும் போய்விடும். ஏழு கியருக்கான குடம் பழைய பிறேமின் பின்கவட்டுக்குள் நுழையாது, அதை அகட்டவேண்டும். முடிவில் அப்பப்பாவினுடையது என்று சொல்லப் பிறேம் மட்டும் மிஞ்சும். அதுவும் நெளித்த பிறேம்.

கிளிநொச்சியில் மலை எங்கே இருக்கிறது? இரணைமடு அணைக்கட்டில் ஏறும் இடத்தை விட்டால், எங்களுக்கு மேடு என்பது தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத்தான். ஆனையிறவிலிருந்து பரந்தன்வரை சோளகத்தை எதிர்த்து ஒருநாள் உழக்கிப் பாருங்கள். அதற்கு மருந்து பிறீவீலில், அதாவது பின்சில்லின் பல்லுச் சக்கரத்தில் இருக்கிறது. முன் பல்லுச் சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். 44 என்று வைத்துக்கொள்வோம். பின்னுக்கு 18 பல்லு இருந்தால் ஒரு முழு உழக்குக்குச் சைக்கிள் ஏறத்தாழ 5.4 மீற்றர் ஓடும். 22 பல்லுப் பூட்டினால் 4.4 மீற்றர்தான் ஓடும், ஆனால் முழங்கால் அழாது. செயினில் ஓரிரு கண்ணி கூட்டவேண்டி வரலாம். அரை மணி நேர வேலை.

மட்காட்டைக் கழற்றுவது உங்கள் விருப்பம். மாரியில் முதுகு நீளத்துக்குச் சேற்றுக் கோட்டோடு பஸ் தரிப்பிடத்தில் போய் நிற்பதும் உங்கள் விருப்பம். செயின் பெட்டியைத் தொடாதீர்கள். கிரவல் தூசியிலிருந்து செயினைக் காப்பது அந்தத் தகரம்தான். கம்பிப் பிறேக்கில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கமாட்டேன்: இரும்பு றிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும். மழையில் சந்திக்கு முன்னரே பிடியை மெதுவாக அழுத்தி றிம்மைத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: 26 என்று கேட்டு வாங்கிய ரயர் 26 றிம்மில் ஏறவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: ஏமாற்றியது அங்குலம், கடைக்காரர் அல்ல. 26 × 1 3/8 என்று பின்னத்தில் எழுதிய ரயர் 590 மில்லிமீற்றர் விட்டமுள்ள றிம்மில் உட்காரும். 26 × 1.75 என்று தசமத்தில் எழுதியது 559இல் உட்காரும். இரண்டும் 26தான், இடையில் மூன்று சென்ரிமீற்றர்! இன்னொன்றும் இருக்கிறது, கணித ஆசிரியர்களிடம் சொல்லிவிடாதீர்கள்: ரயரில் 26 × 1½ உம் 26 × 1.5 உம் ஒன்றல்ல. முந்தியது 584, பிந்தியது 559. ரயரின் ஓரத்தில் 37-590, 47-559 என்பதுபோல ஒரு சோடி எண் இருக்கும். அதில் பின்னால் வரும் மூன்று இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: வவுனியாவில் படிக்கிறேன். பஸ் ஏறும் இடத்தில் சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறேன். ஒரு வருடத்தில் இரண்டு சைக்கிள் களவு போய்விட்டது. எந்தப் பூட்டு நல்லது, அக்கா?
(வாசகி, உருத்திரபுரம்)

பதில்: தங்கச்சி, பின்சில்லில் வரும் வளையப் பூட்டை மட்டும் நம்பியிருப்பீர்கள். அது சைக்கிளை ஓடவிடாது, தூக்கவிடும். பின்பக்கத்தைக் கையால் தூக்கி முன்சில்லில் உருட்டிக்கொண்டு போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சாவி தொலைத்தவர்கள் எல்லோரும் என் கடைக்கு அப்படித்தானே வருகிறார்கள்? என்னுடையதே அப்படித்தான் போனது. ஆஸ்பத்திரியில் மருந்துத் துண்டோடு வரிசையில் நின்றேன், வெளியே வந்து பார்த்தால் ஸ்ராண்ட் குத்திய பள்ளம் மட்டும் இருந்தது. சைக்கிள் கடைக்காரி நடந்து வீட்டுக்குப் போனாள் என்று சந்தியில் ஒரு கிழமைக்குப் பேச்சு.

மெல்லிய கேபிள் பூட்டு வேண்டாம், நல்ல குறடு ஒன்று அதைக் கடித்துவிடும். தடித்த சங்கிலியும் ஆமைப்பூட்டும் வாங்குங்கள். சங்கிலியைப் பின்சில்லின் றிம்மோடு, பிறேமின் பின்முக்கோணத்துக்குள்ளால் விட்டுத் தூணைச் சுற்றிப் பூட்டுங்கள். முக்கோணத்துக்குள் பூட்டிய சில்லைக் கழற்றினாலும் வெளியே இழுக்க முடியாது. ஒரே பூட்டில் சில்லும் பிறேமும் தப்பும். சங்கிலி நிலத்தில் தொங்கிக் கிடக்கக்கூடாது, கல்லில் வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். தூண் உயரமாக இருக்கட்டும். கட்டையான தூண் என்றால் சைக்கிளைச் சங்கிலியோடு மேலால் உருவிக்கொண்டு போவார்கள். வளையப் பூட்டையும் பூட்டுங்கள். இரண்டு விதப் பூட்டுக்கு இரண்டு விதக் கருவி வேண்டும், கள்ளனுக்கும் சோம்பல் உண்டு.

பிறேம் எண்ணை இன்றைக்கே எழுதி வையுங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் அல்லது இருக்கைக் குழாயின் பக்கத்தில் வெட்டியிருக்கும். பொலிஸில் போய்க் கறுப்புச் சைக்கிள் என்று சொன்னால், வன்னியில் எத்தனை கறுப்புச் சைக்கிள்! 2009இல் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்த என் சைக்கிளின் எண் எனக்கு இன்னும் மனப்பாடம். பெயர் எழுதிய ஒரு துண்டைப் பொலித்தீனில் சுற்றி இருக்கைக் குழாய்க்குள் போட்டுவிடுங்கள். பெயின்ட் மாற்றுகிறவன் அதற்குள் பார்ப்பது குறைவு.

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
(வாசகர், பூநகரி)

பதில்: தலைக்கு விடுங்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, பிறகு வெளியே இருப்பதைத் துணியால் துடையுங்கள். வெளியே மினுங்கும் எண்ணெய் தூசிக்குத்தான் பசை.

கேள்வி: எனக்கு வலதுகால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். உழக்கும்போது பாதம் பெடலில் இருந்து வழுக்குகிறது. பெடல் மேலே வரும்போது முழங்கால் அந்த அளவுக்கு மடிவதும் இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?
(வாசகர், விசுவமடு)

பதில்: முடியும், ஐயா. என் தம்பிக்கும் இதே கால்தான். அவன் முதலில் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்: பழைய ரியூப் துண்டால் பாதத்தைப் பெடலோடு இறுக்கிக் கட்டினான். சந்தை வாசலில் ஆடு குறுக்கே வந்தது. கட்டிய காலோடு, சைக்கிளோடு, கத்தரிக்காயோடு விழுந்தான்.

முழங்கால் மடிவதைக் குறைக்க வலப்பக்கக் கிராங்கை, அதாவது பெடல் பூட்டியிருக்கும் தண்டை, கட்டையாக்க வேண்டும். பெரியவர்களின் சைக்கிளில் அது 165, 170 மில்லிமீற்றர் நீளம் இருக்கும். தம்பிக்கு 140 அளவில் ஒன்று தேடிப் பூட்டினேன். பெடல் சுற்றும் வட்டம் சிறிதாகும், உச்சியில் முழங்கால் மடியவேண்டிய அளவும் குறையும். இடப்பக்கம் பழைய நீளத்திலேயே இருக்கட்டும். முதல் இரண்டு நாள் நொண்டி நடப்பதுபோல இருக்கும், பிறகு உடம்பு பழகிவிடும். பாதத்துக்குப் பெடலின் முன்பக்கம் ஒரு தகரத் தடுப்பை வளைத்துப் பூட்டினால் போதும். முன்னுக்கு வழுக்காது, பின்னுக்கு இழுத்தால் உடனே வெளியே வரும். இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தினாலும் மடிப்புக் குறையும், ஆனால் நிறுத்தும்போது இடதுகால் நிலத்தைத் தொடவேண்டும். நாங்கள் வீதியின் இடப்பக்கம் ஓடுவதால் நல்ல கால் ஓரத்துப் பக்கம் ஊன்றும், அது உங்களுக்கு வாய்ப்பு. பார் இல்லாத பெண்கள் சைக்கிள் என்றால் ஏறி இறங்குவது பாதி வேலை. யாராவது சிரித்தால் என் கடைக்கு அனுப்பி வையுங்கள்.

கேள்வி: பாடசாலைக்குக் காட்டு வீதியால் போகிறேன். கிழமைக்கு ஒரு தடவை காற்றுப் போகிறது. ஒட்டுப் போட்ட மறுநாளே திரும்பவும் போகிறது.
(ஆசிரியை, நெடுங்கேணி)

பதில்: மறுநாளே போகிறது என்றால் முள் இன்னும் ரயருக்குள் இருக்கிறது, ரீச்சர். நெருஞ்சியாக இருக்கும். அமெரிக்கச் சைக்கிள்காரர்களும் இதே நெருஞ்சியைத்தான் திட்டுகிறார்கள், அவர்கள் வைத்த பெயர் ஆட்டுத்தலை. காயைத் திருப்பிப் பாருங்கள், கொம்பு தெரியும். ரியூபை எடுத்ததும் ரயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு எங்கே இழுபடுகிறதோ அங்கே முள் இருக்கும். விரலால் தேடினால் விரலிலும் ஒட்டுப் போடவேண்டி வரும். பசை பூசியவுடன் ஒட்டை வைக்காதீர்கள், பளபளப்புப் போய் மங்கும்வரை பொறுங்கள். அவசரக்காரர்களின் ஒட்டுத்தான் வெயிலில் கழன்றுவிடும். பழைய ரியூபை நீளத்துக்கு வெட்டி உள்ளே ஒரு படையாகப் போட்டால் முட்கள் பாதி நின்றுவிடும். கொஞ்சம் பாரமாக உழக்கும், அவ்வளவுதான்.

மாலையில் திரும்பும்போது வெளிச்சம் என்ன வைத்திருக்கிறீர்கள்? டைனமோ மட்டும் என்றால் பற்றரி லைற் ஒன்றும் வாங்குங்கள். டைனமோ சில்லு நின்றால் அணைந்துவிடும். வீதியில் யானை நிற்கிறது என்று நீங்கள் நிறுத்திய அந்த நொடியில் இருட்டாகும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை எங்களைச் சுற்றவிட்டு, டைனமோவில் றேடியோ கேட்டார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். பிபிசி தமிழோசை முடியும்வரை மூன்று பிள்ளைகள் முறை மாற்றிச் சுற்றுவோம்.

கேள்வி: நீங்கள் போன மாதம் சொன்னபடி இடப்பக்கப் பெடலைக் கழற்ற முயன்றேன். கழரவில்லை, ஸ்பனர் வளைந்துவிட்டது.
(வாசகர், வவுனியா)

பதில்: அச்சுப் பிழை என்று ஆசிரியர் பெருந்தன்மையாகச் சொல்கிறார். பிழை என்னுடையது. இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த் திசை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழரும். நான் எழுதிய பக்கம் திருப்பி அதை இன்னும் இறுக்கியிருக்கிறீர்கள். திசையை மறந்துவிடுங்கள், இப்படிச் செய்யுங்கள்: ஸ்பனரின் பிடி மேலே நிற்கட்டும். பின்சில்லுப் பக்கம் இழுத்தால் கழரும், முன்சில்லுப் பக்கம் தள்ளினால் இறுகும். இரண்டு பெடலுக்கும் அதே விதிதான். முதலில் மரையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அப்போதும் வராவிட்டால் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வாருங்கள், கூலி வாங்கமாட்டேன். வளைந்த ஸ்பனரையும் கொண்டுவாருங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.