ஹட்யாய் வங்கியில் தூங்கும் 8 லட்சம் பாட்

கேள்வி: எனக்கு 63 வயது. மலேசியாவின் பிறையில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியோடு ஹட்யாயில் இருக்கிறேன். ஓய்வுக்கால விசாவை வருடா வருடம் அங்கேயே நீட்டிக்கிறேன், அடுத்தது மார்ச்சில். அதற்காகத் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் கிடக்கிறது. வட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மாதச் செலவுக்கு இ.பி.எஃப். (மலேசிய ஊழியர் சேமநிதி) பணத்திலிருந்து சுமார் 45,000 பாட் தனியாக வரவழைக்கிறேன். "விசா குத்தியதும் பணத்தைப் பினாங்குக்கு அனுப்பிவிடு, அடுத்த வருஷம் இரண்டு மாதம் முன்னால் திருப்பிப் போட்டால் போதும்" என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது 2019க்கு முந்தைய கதை, ஐயா. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து விதி மாறிவிட்டது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டு மாதமும், நீட்டிப்பு கிடைத்த பின் மூன்று மாதமும் 8 லட்சம் அப்படியே இருக்க வேண்டும். மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக் கூடாது. அடுத்த முறை நீட்டிக்கப் போகும்போது குடிநுழைவு அலுவலகத்தில் வருடம் முழுவதற்குமான கணக்கைப் பார்ப்பார்கள்.

ஆக, உங்கள் கைக்கு வருவது 4 லட்சம்தான், அதுவும் ஏழு மாதத்துக்கு. ஒரு வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஏழரை பாட் என்று வைத்தால் சுமார் 53,300 வெள்ளி. பினாங்கில் 3 விழுக்காட்டு நிரந்தர வைப்பில் போட்டால் ஏழு மாதத்தில் 930 வெள்ளி வட்டி வரும். போகவும் வரவும் பணமாற்றில் ஒவ்வொரு முறையும் 1 விழுக்காடு போனாலே 1,060 வெள்ளிக்கு மேல் காலி. இ.பி.எஃப்.பில் திருப்பிக் கட்டினால்? 2024க்குக் கொடுத்த 6.3 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால், செலவு போக 900 வெள்ளி மிஞ்சும். ஆனால் அதற்குள் ஒரு வெள்ளிக்கு 7.20 பாட்தான் என்று ஆகிவிட்டால், அதே 4 லட்சத்தைத் திரும்ப வாங்க 2,200 வெள்ளி கூடுதலாக வேண்டும். இந்த அலைச்சல் எதற்கு?

அதைவிட நல்ல வழி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மாதா மாதம் 45,000 பாட் வரவழைக்கிறீர்கள் அல்லவா? அந்த ஏழு மாதமும் அதை நிறுத்திவிட்டு, ஹட்யாய் கணக்கிலிருந்தே எடுத்துச் செலவு செய்யுங்கள். மொத்தம் 3,15,000 பாட்; கணக்கில் 4,85,000 மிஞ்சும், கோட்டுக்கு மேலேதான். அனுப்பாமல் விட்ட வெள்ளி இ.பி.எஃப்.பிலேயே இருந்து லாப ஈவு வாங்கும். பணம் எல்லையை ஒரே ஒரு முறைதான் தாண்டும். குறைந்ததை ஒரே தொகையாக அனுப்பி நிரப்பிவிடலாம்.

தேதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டு மாதத்தை எண்ணுவது விண்ணப்பிக்கும் நாளிலிருந்து, விசா முடியும் நாளிலிருந்து அல்ல. மார்ச் 10 அன்று போவதாக இருந்தால் ஜனவரி 10க்குள் பணம் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். நானாக இருந்தால் டிசம்பர் நடுவிலேயே அனுப்பிவிடுவேன். ஆண்டு இறுதி விடுமுறையில் வங்கிகள் எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். ரொக்கமாகக் கட்டி எடுத்துக்கொண்டு சடாவ் எல்லை வழியாகப் போகும் வேலை மட்டும் வேண்டாம். வங்கி வழியாக அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீது ஏன் என்றால், வரி. வருடத்தில் 180 நாள் அல்லது அதற்கு மேல் அங்கே இருப்பவர் வெளிநாட்டு வருமானத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால், 2024 ஜனவரி 1 முதல் அது வரிக்கணக்கில் வரும். அதற்கு முன் சம்பாதித்ததற்கு விலக்கு உண்டு. ஆகவே 2023 இறுதி இருப்பைக் காட்டும் இ.பி.எஃப். அறிக்கையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது. அதை உங்கள் பணத்துக்கு எப்படிப் பொருத்துவது என்று ஹட்யாயில் ஒரு வரிக் கணக்காளரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். நண்பர் யோசனைப்படி பணத்தை அனுப்பி அனுப்பித் திருப்பினால், ஒவ்வொரு வரவுக்கும் இந்தக் கேள்வி எழும்.

மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் வழியும் உண்டு. அது மாதம் ஏறக்குறைய 8,700 வெள்ளி. உங்கள் செலவே 45,000தான் என்னும்போது அது உங்களுக்கு ஒத்துவராது.

வங்கி மூழ்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தாய்லாந்தில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 10 லட்சம் பாட் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. விசாவுக்காகக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இ.பி.எஃப். வாரிசு நியமனம் அந்தப் பணத்தைத் தொடாது. மனைவி தாய்லாந்து நீதிமன்றத்துக்கு அலைய நேரலாம். அந்தக் கணக்குக்கு மட்டும் தாய் மொழியில் ஒரு உயில் எழுதி வையுங்கள். மார்ச்சுக்கு முன்பே.