கறுத்த கைமரத்தைச் சுரண்டலாமா?

கேள்வி: மகளும் மருமகனும் இங்கிலாந்தில், கென்ற் பக்கம், 1400களில் கட்டிய பண்ணை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். முகட்டில் கைமரமெல்லாம் கன்னங்கரேலென்று கிடக்கிறதாம். எரிந்த வீடோ என்று எனக்குப் பயம். மூட்டுகளில் ரோம எண் மாதிரி உளிக்கீறலும் உண்டாம். மருமகன் கரியைச் சுரண்டி வார்னிஷ் அடித்து, வெடித்த சுவருக்குச் சீமெந்து பூசப் போகிறார். சரிதானா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, இரண்டையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தொலைபேசியிலாவது இன்றைக்கே.

எரிந்த மரம் ஆழமாக வெடித்து, விளிம்பு மழுங்கி, மெலிந்திருக்கும். விளிம்பு கூராக இருந்து மேலே மட்டும் கறுப்பென்றால் அது புகைக்கரி. அந்தக் காலத்து வீட்டில் புகைக்கூடு கிடையாது. நடுக்கூடம் நிலத்திலிருந்து முகடு வரை ஒரே திறப்பு. தரையின் நடுவே நெருப்பு எரியும், புகை கூரை இடுக்குகளால் வெளியேறும். 1500களிலும் அதற்குப் பிறகும் செங்கல்லால் புகைக்கூடு கட்டி, கூடத்தின் குறுக்கே மேல்தளமும் போட்டுவிட்டார்கள். பழைய கரி அதற்கு மேலே அகப்பட்டுக்கொண்டது. எந்தப் பகுதி கறுத்திருக்கிறது, எது வெளுத்திருக்கிறது என்று பார்த்தாலே ஆதிக் கூடம் எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். சுரண்டினால் அந்தச் சாட்சி போய்விடும்.

உளிக்கீறல் ஓடாவியின் எண்கள். பச்சை ஓக் மரத்தை வெட்டி, சட்டத்தை நிலத்தில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் போட்டுக் கழற்றி, வீட்டு நிலத்தில் திரும்பவும் பூட்டுவார்கள். இரும்பாணி இல்லை, மர ஆணிதான். மூட்டுக்குள் செருகும் முனையான கழுந்தின் துளையை, வெளிமரத்துத் துளைக்கு நேராக வைக்காமல் ஓரிரு நூல் விலக்கியே துளைப்பார்கள். ஆணியை அடித்து இறக்கும்போது அதுவே மூட்டை இழுத்து இறுக்கும். இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்த கெட்டித்தனங்களில் இதற்கு மேலாக ஒன்றில்லை.

மகளால் முடிந்தால் மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரிலுள்ள வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். அங்கே பேலீஃப் என்ற 15ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு இருக்கிறது. கென்றில் ஒரு நீர்த்தேக்கத்துக்காக இடம் எடுத்தபோது, மரம் மரமாகக் கழற்றி வந்து அங்கே நிறுத்தினார்கள். ஜன்னலில் கண்ணாடி இல்லை, மரக் கம்பிகளும் உள்ளே மூடும் பலகையும்தான். தன் வீடு முதலில் எப்படி இருந்திருக்கும் என்று அவள் அங்கே காண்பாள்.

சீமெந்துதான் பெரிய ஆபத்து. அந்தச் சுவர் வரிச்சுப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பி, சுண்ணாம்பு பூசியது. மரச்சட்டம் அசைய அதுவும் கொஞ்சம் அசையும், ஈரம் குடித்தாலும் காய்ந்துவிடும். சீமெந்து அசையாது. மரத்தோடு சேரும் இடத்தில் மயிரிழையாய் வெடிக்கும், மழைநீர் உள்ளே போகும், வெளியேற வழியில்லாமல் அடிச்சட்டம் உக்கிப்போகும். எங்கள் நாட்டுப் பழைய சுண்ணாம்புச் சுவர்களிலும் சீமெந்து பூசிப் பூசி இதைத்தான் செய்கிறோம் என்பது என் நெடுநாள் கவலை. மருமகன் சுண்ணாம்புக் கலவை தெரிந்த மேசனைத் தேடட்டும்.

அத்தோடு, அவ்வளவு பழைய வீடு பெரும்பாலும் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூர் சபையின் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது அங்கே குற்றம். பழைய கட்டடங்களைக் காக்க ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொரிஸ் முதலானோர் 1877இல் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது, அவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம். அதற்கிடையில் அந்த எண்களையெல்லாம் மருமகன் படமெடுத்து வைக்கட்டும், எந்த மூட்டில் எந்த எண் என்ற குறிப்போடு.