அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பொருளோடு கூற இயலுமா?

இணையத்தில் கிடைக்கும் நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்தும் சில நாளில் மறந்துவிடுவதாகவும், மலேசிய இடைநிலைப்பள்ளியின் படிவம் ஐந்து கட்டுரைகளில் பயன்படக்கூடிய அரிய சொற்கள் தேவை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பினாங்கில் ஆங்கிலப் பிரத்தியேக வகுப்பு நடத்துபவன் என்ற முறையில், நம் ஊரில் நாம் அன்றாடம் காண்பவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள, ஆனால் நமக்குப் பழகாத பெயர்களையே முதலில் கற்கச் சொல்வேன்.

பினாங்கில் உள்ள கொடிமலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1923ஆம் ஆண்டு முதல் ஓடும் அந்த ரயிலுக்கு ஆங்கிலத்தில் 'ஃபனிகுலர்' என்று பெயர். மெல்லிய கயிற்றைக் குறிக்கும் 'ஃபுனிகுலுஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். இரண்டின் எடையும் ஒன்றையொன்று சமன்செய்வதால், இழுக்கும் இயந்திரத்தின் சுமை பெரிதும் குறைகிறது. மலையேறும் ரயில் எல்லாம் ஃபனிகுலர் ஆகிவிடாது. நீலகிரி மலை ரயில் செங்குத்தான பகுதியில் பற்சக்கரத்தால் ஏறுவது. கெந்திங் மலைக்குச் செல்லும் கேபிள் கார் தண்டவாளமே இல்லாமல் அந்தரத்தில் தொங்கிச் செல்வது. வேர்ச்சொல்லையும் இயக்கத்தையும் சேர்த்து அறிந்தவருக்கு இந்தக் குழப்பம் நேராது.

'பெட்ரிகோர்' என்பது வறண்ட மண்ணில் மழை விழும்போது எழும் மணம். இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1964இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் இச்சொல்லை உருவாக்கினர். கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு, தேவர்களின் நாளங்களில் ஓடுவதாகக் கிரேக்கர்கள் நம்பிய 'இகோர்' என்னும் திரவத்தின் பெயரை அவர்கள் இணைத்தார்கள். வறட்சிக் காலத்தில் பாறையும் களிமண்ணும் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள்கள் ஈரம் பட்டதும் வெளியேறுவதே அந்த மணத்திற்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினர்; மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற சேர்மமும் அதில் கலந்திருக்கிறது. நாம் மண்வாசனை என்று சொல்வது இதைத்தான். ஆனால் ஒரு வட்டாரத்தின் வாழ்க்கை மணத்தையும் நாம் மண்வாசனை என்கிறோம். அந்தப் பொருள் பெட்ரிகோருக்குக் கிடையாது. ஆகவே "இந்தக் கதையில் மண்வாசனை வீசுகிறது" என்பதை மொழிபெயர்க்க இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

மலாயா மண்ணிலிருந்தே ஆங்கிலத்துக்குச் சென்ற 'கட்டா பெர்ச்சா' என்ற சொல்லை எல்லா மாணவர்களுக்கும் நான் கற்பிக்கிறேன். 'கெத்தா பெர்ச்சா' என்ற மலாய்ப் பெயரின் திரிபு இது. தாபான் மரத்தின் பாலைக் குறிக்கும். ரப்பரைப் போல் இழுபடாது. வெந்நீரில் இளகும், ஆறியதும் இறுகும், கடல்நீரில் எளிதில் கெடாது. அதனால்தான் 1858இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்கும், பின்னர் சென்னையைப் பினாங்கோடு இணைத்த கம்பிக்கும் இதுவே உறையானது. அந்தத் தேவைக்காக நம் காடுகளில் கணக்கின்றி மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. பல்லின் வேர்க்குழாயை நிரப்ப இன்றும் பல் மருத்துவர்கள் கட்டா பெர்ச்சாவையே பயன்படுத்துகிறார்கள்.

வரலாற்றுக் கட்டுரைக்கு 'ஆன்ட்ரபோ' உதவும்: பிற நாட்டுச் சரக்கு வந்திறங்கி, சேமிக்கப்பட்டு, மறுபடியும் வேறு நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் துறைமுகம், பழைய பினாங்கு அத்தகையது. புவியியலுக்கு 'கானர்பேஷன்': தனித்தனி நகரங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பரப்பு. நகரத் திட்டமிடல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1915இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இச்சொல்லுக்கு, கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் வழியாகக் கிள்ளான் வரை நீளும் கட்டடப் பரப்பைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை.

உங்கள் பட்டியலில் 'எப்ரிசிட்டி' இருந்தால் அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். குளிர்காலத்து வெயிலின் இதமான வெப்பத்தைக் குறிக்கும் அச்சொல் 1623ஆம் ஆண்டின் ஓர் ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. இன்று சொற்பட்டியல்களுக்கு வெளியே அதைக் காண்பது அரிது, நமக்கோ குளிர்காலமே இல்லை. அதற்குப் பதிலாக 'கிரெபஸ்குலர்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். விடியலிலும் அந்தியிலும் நடமாடும் உயிர்களைக் குறிப்பது அது; இரவில் நடமாடுபவற்றுக்குரிய 'நாக்டர்னல்' வேறு. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது என்றாலும், அதிகாலையிலும் பொழுது சாயும் வேளையிலும்தான் மிகுதியாகக் கடிக்கிறது. ஆகவே டிங்கிக் காய்ச்சலைப் பற்றி எழுதும்போது அந்த நேரங்களைச் சுட்ட இச்சொல் உங்களுக்குக் கைகொடுக்கும்.